ஆறு வோல்ட்டுப் பெருங்காதை

வாழ்க மின்கலம்! வாழ்க அதன் இரு முனைகள், செம்மை பூண்ட ஒன்றும் கருமை பூண்ட மற்றொன்றும்! செம்புக் கம்பியின் வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஊர்ந்து, விளக்கில் ஒளியாகவும், விசிறியில் காற்றாகவும், ஹாரனில் ஓலமாகவும் வெளிப்படும் மின்னென்னும் பெருந்தெய்வமே, நின்னைத் தொடாமல் எட்ட நின்றே தொழுகிறோம். தொட்டுத் தொழுது விரலைச் சுட்டுக்கொண்ட மாவீரர் ஒருவரின் கதையையே பாடப் புகுகிறோம். பாடி முடிக்கும்வரை ஃப்யூஸ் போகாமல் காத்தருள்வாயாக!

யார் அந்த மாவீரர்? ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே மருந்துக்கடை கொண்டவர். வெள்ளைக் கோட்டே கவசமாய், காதில் செருகிய பென்சிலே வேலாய், மூக்குக் கண்ணாடியே கேடயமாய், டாக்டர்களின் கையெழுத்தென்னும் முள்வேலிக் காட்டை முப்பதாண்டுக் காலமாய்க் கீறல் படாமல் கடந்து வருபவர். பனிக்காலத்தும் வெயிற்காலத்தும், தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும், கடன்காரனுக்கும் ரொக்கக்காரனுக்கும், "முதல்ல அரை மாத்திரை போட்டுப் பாருங்க" என்ற ஒரே திருவாக்கை மாறாமல் அருளி, அதனாலேயே ஊராரால் அரைமாத்திரையார் என்று பட்டம் சூட்டப்பெற்றவர். இவ்வுலகில் எதுவாயினும் அதிகமாகிவிட்டால், அதைச் சரிபாதியாக உடைத்தால் தீர்ந்தது என்பது அவருடைய சித்தாந்தம். இனி வரும் போருக்கும் புண்ணுக்கும் விதை இந்தச் சித்தாந்தமே.

மேற்படி மாவீரருக்கு எழுத்துவன்மையும் உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் வண்டிகள் கத்துவது பொறுக்காமல், நகராட்சிக்குப் பதினோரு கடிதங்கள் எழுதி, ஒவ்வொன்றிலும் முந்தைய கடிதத்தின் தேதியைத் தவறாமல் குறிப்பிட்டு, பன்னிரண்டாவதை எழுதத் தாள் எடுத்தபோது 'இங்கே ஒலி எழுப்பாதீர்' என்னும் நீலப் பலகையைப் பெற்றவர். அந்தப் பலகையை வாரந்தோறும் ஈரத்துணியால் துடைப்பவரும் அவரே. இதை வாசகர் மறவாதிருக்க.

இனி அவருடைய தேராகிய பழைய காரைப் பாடுவோம். வெண்ணெய் நிறத்தாள், உருண்ட பின்புறத்தாள், நாலு கை மாறி ஐந்தாவதாக நம் தலைவர் கையைச் சேர்ந்தாள். இடப்பக்க விளக்கின் கீழே பூவாய் விரிந்த பித்தளை வாயுடைய ஹாரன் ஒன்று. கண்ணாடியின்மேல் ஒற்றைப் புருவமாய்ப் படுத்திருக்கும் வைப்பர் ஒன்று. உள்ளே கைப்பிடி அளவு மின்விசிறி ஒன்று. முன்னால் தவளைக் கண்களாய் விளக்கு இரண்டு. இவை யாவும் ஆறு வோல்ட்டுக் குலத்தில் பிறந்தவை. ஞாயிறுதோறும் தலைவர் அத்தேரின் அடியில் படுத்துக்கொண்டு கால் இரண்டை மட்டும் உலகத்துக்குக் காட்டுவது வழக்கமாதலால், அவர் மனைவியார் அதற்கு வைத்த பெயர் சக்களத்தி.

சக்களத்திக்கு ஒரு குறை இருந்தது. காலையில் எழுப்பினால் எழமாட்டாள். ஆறு வோல்ட்டு பாட்டரி இரண்டு முறை முனகிவிட்டு மூன்றாவது முனகலில் மூர்ச்சையாகும். பிறகு தலைவர் உள்ளே அமர்ந்து ஸ்டீயரிங்கைப் பிடிக்க, மனைவியார் வெளியே நின்று பின்புறத்தைத் தள்ள, தெரு முழுவதும் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்க்கும். ஒரு திங்கட்கிழமை, தெருமுனைவரை தள்ளியும் எழாத சக்களத்தியின்மேல் சாய்ந்துகொண்டு அம்மையார் சொன்ன சொற்களை இங்கே எழுதுவது முறையன்று. அன்று மாலையே மெக்கானிக் வரவழைக்கப்பட்டார். பழைய பாட்டரியும் டைனமோவும் இறங்கின, புதிய பன்னிரண்டு வோல்ட்டு வம்சம் ஏறியது.

சாவியைத் திருப்பியதுதான் தாமதம்! குகையில் மிதிபட்ட சிங்கமென இன்ஜின் கர்ஜித்தது. ஆனந்தக் கண்ணீர் மல்கத் தலைவர் விளக்கைப் போட்டார். ஆகா, அந்த ஒரு கணம்! இரண்டு பல்புகளும் தெருவின் கடைசி வீட்டு மாடியில் காய்ந்த துணிகளின் பொத்தான்வரை எண்ணிக் காட்டும் பேரொளி வீசி, அடுத்த கணமே வீரமரணம் எய்தின. விசிறியைப் போட்டார். அது சூறாவளியாய்ச் சுழன்று, இன்ஷூரன்ஸ் தாளைப் பறித்து எதிர்வீட்டு வாசலில் சேர்த்தது.

"அண்ணே, நிறுத்துங்க!" என்று மெக்கானிக் பாய்ந்து விசிறியை அணைத்தார். "வண்டி இப்ப பன்னெண்டு. சாமான் எல்லாம் ஆறு. மொத்தமாக் கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுங்க. இல்லன்னா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா அளவு பாத்து ரெசிஸ்டர் போடணும்."

"அளவா? எனக்கா அளவு சொல்றே? முப்பது வருஷமா ஊருக்கே அளவு பாத்துக் குடுக்கிறவன்யா நான். வர்றது ரெட்டிப்பு. பாதியாக் குறைச்சா முடிஞ்சுது. நீ வீட்டுக்குப் போ."

இவ்வாறு தலைவர் போர்முரசு அறைந்த வேளையில், வாசற்படியில் இன்னொரு முரசு அறையப்பட்டது. மனைவியார் இடுப்பில் கைவைத்து நின்று திருவாணை பிறப்பித்தார்.

"இதோ பாருங்க. ஞாயித்துக்கிழமை சாயங்கால வண்டிக்கு என் தங்கச்சியும் அவ வீட்டுக்காரரும் வர்றாங்க. போன தடவை இந்த வண்டியைத் தள்ளுனது அவருதான். அதை இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காமிக்கிறாரு. ஸ்டேஷன்லருந்து வீடு வரைக்கும் இதுல எல்லாம் ஒழுங்கா வேலை செய்யணும். ஒண்ணே ஒண்ணு மக்கர் பண்ணாலும் சரி, திங்கட்கிழமை பத்து மணிக்கு வண்டி வெளிய போகுது. தம்பி, நீ யாரோ இதை விலைக்குக் கேக்கிறாங்கன்னியே, அவரை வரச் சொல்லிடு."

மெக்கானிக் தலையை ஆட்டினார். முப்பதாண்டுத் தாம்பத்தியத்தில் அம்மையார் சொல்லிச் செய்யாத காரியம் ஒன்றுகூட இல்லை.

சனிக்கிழமை பிற்பகல் கடையை அடைத்துவிட்டு வந்து, சட்டைக் கையை மடித்து, நம் தலைவர் போர்க்களம் புகுந்தார். பீங்கான் சட்டத்தில் சுருள்கம்பி சுற்றிய ரெசிஸ்டர் ஒன்றை வாங்கி வந்து, பாட்டரியிலிருந்து வரும் ஒரே பாதையில் நந்திபோல் நிறுத்தினார். இனி எது உள்ளே போனாலும் பாதியாகத்தான் போகும் என்பது வியூகம். விசிறி மட்டும் சுழன்றபோது அது பக்குவமாய்ச் சுழன்றது. மேசை இழுப்பறையில் பத்திரமாய்ப் பொதிந்து வைத்திருந்த மாற்று பல்புகளைப் பொருத்தி விளக்கையும் போட்டார். உடனே விசிறி நோயாளிபோல் மயங்கிற்று. விளக்குகளோ, அணையப்போகும் ஊதுவத்தி முனைபோல் சிவந்து காட்டிவிட்டு வெட்கப்பட்டன. நந்திக்கு என்ன நேர்ந்தது என்று விரலால் தொட்டுப் பார்த்தார். அது இட்ட கூக்குரலா, அவர் இட்ட கூக்குரலா என்று பக்கத்து வீட்டாருக்கு இன்றுவரை தெளிவில்லை.

தலைவரின் கடைச் சரக்காகிய களிம்புக் குழாயோடு மனைவியார் வந்து, வெந்த விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"முழுசாப் போடட்டுமா, அரை அளவு போதுமா?"

தோல்வியினும் கொடியது அக்கேள்வி. விரலில் கட்டோடு தலைவர் மெக்கானிக்குக்குப் போன் செய்தார். மறுமுனையில் சிரிப்பை அடக்கும் ஒலி கேட்டது.

"ஒண்ணை வெச்சு எல்லாத்தையும் சமாளிக்க முடியாதுண்ணே. விசிறி இழுக்கிறது கொஞ்சம், விளக்கு இழுக்கிறது நிறைய. உங்க கடையில கைக்குழந்தைக்கும் பயில்வானுக்கும் ஒரே அளவா குடுப்பீங்க?"

தம் வில்லாலேயே தாம் அடிபட்ட தலைவர், போனை வைத்துவிட்டு, நெடுநேரம் சக்களத்தியின் முன்பக்கத்தை நோக்கி அமர்ந்திருந்தார். அப்போதுதான் அந்த ஞானம் உதித்தது. ஒரு முழு மாத்திரையை உடைத்து, ஒரே நோயுடைய இருவருக்கு ஆளுக்குப் பாதி கொடுத்தால் என்ன? இரண்டு விளக்கையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஒயரில் கோத்தால், வரும் பன்னிரண்டை இருவரும் பகிர்ந்துகொண்டு ஆளுக்கு ஆறாய் அருந்துவார்கள் அல்லவா? கோத்தார். சுவிட்சைத் தட்டினார். இரட்டைப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் கண்விழித்ததுபோல் இரு விளக்கும் பாலொளி பொழிந்தன. வெடிக்கவில்லை, வெட்கப்படவில்லை, நின்று நிதானமாய் எரிந்தன! ரெசிஸ்டரை விசிறிக்கு மட்டும் தனிச்சொத்தாய் எழுதி வைத்தார். விசிறியும் அடங்கிச் சுழன்றது.

இங்கே நிறுத்தியிருந்தால் இக்காவியத்துக்கு இடமில்லை. வெற்றியின் போதை வேறெந்தப் போதையினும் தலைக்கேறும். எஞ்சியவை இரண்டு: வைப்பர் ஒன்று, ஹாரன் ஒன்று. இரண்டும் ஆறு வோல்ட்டு. இரண்டுக்கும் துணையில்லை. விளக்குகளாவது இரட்டைப் பிறவிகள், சேர்ந்தே விழித்துச் சேர்ந்தே உறங்குபவை. வைப்பருக்கும் ஹாரனுக்கும் அப்படி ஒட்டுறவு ஒன்றுமில்லையே, ஒன்று மழை வந்தால் எழும், மற்றது மாடு வந்தால் எழும், இவற்றை ஒரே ஒயரில் கோக்கலாமா என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. கோத்தார்.

முறைதவறாத மனிதராதலால், தாளில் நாலு வரிசை போட்டுச் சோதித்தார். ஒன்று, விளக்கு: எரிந்தது, டிக். இரண்டு, விசிறி: சுழன்றது, டிக். மூன்று, வைப்பர்: சுவிட்சைப் போட்டார், அசையவில்லை. மருந்து வேலை செய்யக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்பது அவர் அறிந்ததே. ஆகவே சுவிட்சை அணைக்காமல் நாலாவதற்குப் போய் ஹாரனை அழுத்தினார். ஹாரனும் ஒலித்தது, அதே கணத்தில் வைப்பரும் எழுந்து ஆடியது! மருந்து பிடித்துவிட்டதென்று மகிழ்ந்து, மூன்றுக்கும் நாலுக்கும் சேர்த்து ஒரே பெரிய டிக் போட்டு, கீழே தேதியிட்டுக் கையெழுத்தும் இட்டார்.

ஞாயிறு மாலை. ஸ்டேஷன் வாசலில் மைத்துனி அரும்புன்னகையோடும், சகலையார் நெடுங்குடையோடும் வந்து பின்னிருக்கையில் ஏறினர். சகலையார் லிஃப்ட் பழுது பார்ப்பவர்; சென்ற மாதம்தான் புதுக் கார் வாங்கியவர்; எனவே உட்கார்ந்ததும் தள்ளத் தயாராய்ச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

"என்ன சகலை, எந்த இடத்துல இறங்கணும்னு இப்பவே சொல்லிடுங்க."

சாவி திரும்பியது; சிங்கம் கர்ஜித்தது; சகலையார் மடித்த கையைப் பிரித்துவிட்டார். மனைவியார் முகத்தில் லேசாய் ஒரு பெருமிதம் எட்டிப் பார்த்தது. தலைவர் விளக்கைப் போட்டார், விசிறியைப் போட்டார். இரண்டும் தலைவரின் மானம் காத்தன.

கடைவீதி திரும்பியதும் வானம் தன் படையைக் கட்டவிழ்த்தது. கருமேக யானைகள் நெற்றியோடு நெற்றி மோத, ஆயிரங்கோடி நீர் அம்புகள் ஒருசேரக் கண்ணாடிமேல் பாய்ந்தன. உலகம் கரைந்துபோய் வெறும் நிறங்களாயிற்று. தலைவர் புன்னகையோடு வைப்பர் சுவிட்சைப் போட்டார். ஒற்றைப் புருவம் படுத்தபடியே கிடந்தது. மீண்டும் போட்டார். கிடந்தது. அப்போது சைக்கிள்காரன் ஒருவன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு குறுக்கே பாய, பதறி ஹாரனை அழுத்தினார். சளி பிடித்த எருமையின் குரலில் ஹாரன் முழங்கியது. துயிலெழுந்த புருவம் கண்ணாடியை ஒருமுறை வழித்துத் தள்ளிற்று. சைக்கிள் தப்பியது. கையை எடுத்தார். வைப்பர் நடுக்கண்ணாடியில் நின்றது.

அக்கணத்தில் தலைவர் யாவும் உணர்ந்தார். ஹாரன் அழுதால்தான் வைப்பர் ஆடும். ஹாரன் ஓய்ந்தால் வைப்பர் உறங்கும். பன்னிரண்டைப் பகிர்ந்துண்ட அவ்விருவரும் சேர்ந்தே பந்திக்கு அமர்வார்கள். ஒருவர் இலை போடாவிட்டால் மற்றவருக்கும் சோறில்லை.

வேறு வழியில்லை. வலக்கை ஸ்டீயரிங்கில், இடக்கைக் கட்டைவிரல் ஹாரனில், நெஞ்சில் பத்து மணியென்னும் பேரச்சம். எருமை முழங்க முழங்க, புருவம் ஆட ஆட, மழைத்திரை கிழியக் கிழியத் தேர் நடந்தது. கடைக் கூரைகளின் கீழ் ஒதுங்கியவர்கள் எழுந்து நின்றார்கள். பிண ஊர்தியின் சங்கொலியென்று எண்ணிப் பெரியவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். லாரி ஒன்று அஞ்சி ஒதுங்கியது. ஸ்கூட்டர்காரர் ஒருவர் மட்டும் ஜன்னலருகே வந்து கத்தினார்:

"யோவ், அதான் வழி விட்டாச்சே! மேல ஏத்திட்டுப் போறியா?"

பின்னிருக்கையில் சகலையார் கழுத்தை நீட்டினார். "ரோட்டுல ஆளே இல்லையே சகலை. யாருக்கு அடிக்கிறீங்க?"

தலைவர் கட்டைவிரலை ஒரு கணம் எடுத்து மீண்டும் அழுத்தினார். மனைவியார் அவருடைய கட்டைவிரலைப் பார்த்தார், வைப்பரைப் பார்த்தார், விரல் எழுந்தபோது அது நின்றதைப் பார்த்தார். முப்பதாண்டு ஒரே வீட்டில் வாழ்ந்தவருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

"ஏன்க்கா," என்றாள் தங்கை, "வண்டியில ஏதும் கோளாறா?"

ஆ, அந்தக் கணம்! ஒரே ஒரு சொல். 'ஆமாம்' என்ற மூன்றெழுத்து. அது வெளிப்பட்டால் திங்கட்கிழமை பத்து மணிக்குச் சக்களத்தி சங்கிலியில் கட்டுண்டு போவாள். தலைவர் மூச்சுவிட மறந்தார். ஹாரன் மட்டும் மறவாமல் முழங்கியது.

"கோளாறா?" என்றார் மனைவியார், திரும்பாமலே. "மழையில எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு தெரியுமாடி? அதுக்குத்தான் வைப்பர் ஆடுறப்பல்லாம் ஹாரனும் அடிக்கிற மாதிரி உங்கத்தான் ஏற்பாடு பண்ணி வெச்சிருக்காரு. ஏன் தம்பி, உங்க புது வண்டியில அது கிடையாதா?"

"அது... இல்லீங்கக்கா," என்றார் சகலையார், வாழ்வில் முதன்முறையாகச் சின்னக் குரலில்.

இவ்வாறு ஒரு போர் முடிந்தது என்று தலைவர் நிமிர்ந்தபோது, அதனினும் பெரிய போர் எதிரே நீலநிறத்தில் நின்றது. ஆஸ்பத்திரி வாசல். 'இங்கே ஒலி எழுப்பாதீர்.' பதினோரு கடிதங்களின் பலன். வாரந்தோறும் தம் கையால் துடைத்த பலகை. அதன் கீழே மழைக்கோட்டுக்குள் விசிலோடு நிற்கும் காவலாளி, தினமும் அவருக்குச் சலாம் வைப்பவர். ஒலித்தால் மானம் போகும். ஒலிக்காவிட்டால் கண் தெரியாது. திரும்பிப் போகலாமென்றால் மற்றப் பாதையில் குழாய்க்காகக் குழி தோண்டிக் கிடக்கிறது. தலைவர் பலகைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். மழை கண்ணாடியை மூடியது.

"ஏன் நின்னுட்டோம்?" என்றார் சகலையார். அவர் குரலில் பழைய கனம் திரும்பிக்கொண்டிருந்தது. கை மெல்லச் சட்டைக் கையை மடிக்கத் தொடங்கியது.

மனைவியார் தலைவர் பக்கம் சாய்ந்து காதோடு கேட்டார்: "உங்க பையில பஞ்சு இருக்கா?"

மருந்துக்கடைக்காரர் பையில் பஞ்சு இல்லாமலா! நீலத்தாளில் சுருட்டிய முழு உருளையை எடுத்துக் கொடுத்தார். அம்மையார் சகலையாரின் நெடுங்குடையைக் கேளாமலே பறித்து விரித்து, அடைமழைக்குள் இறங்கி, தேரின் முன்னால் குனிந்து, பித்தளைப் பூவின் வாய்க்குள் பஞ்சைக் கைப்பிடி கைப்பிடியாய் அடைக்கலானார். காவலாளி ஓடிவந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"ஹாரனுக்குக் காதுவலி."

காவலாளி உள்ளே எட்டிப் பார்த்து, ஆளைத் தெரிந்துகொண்டு பல்லெல்லாம் காட்டினார். "அட, நம்ம சார் வண்டியா! ஏம்மா, முழுப் பஞ்சா வைக்கிறீங்க? அரை போதும்பாரே!"

"இன்னிக்கு முழுசுதான்," என்று அம்மையார் கடைசிக் கற்றையையும் திணித்தார். நனைந்த தோளோடு ஏறி அமர்ந்து, தங்கையின் பக்கம் திரும்பி, "ஆஸ்பத்திரி கிட்ட வந்தா இதுக்குப் பஞ்சு வைக்கணும்டி. ஏற்பாட்டுல அதுவும் ஒண்ணு" என்று முடித்தார்.

தலைவர் கட்டைவிரலால் ஹாரனை அழுத்தினார். எருமை எங்கே? அதன் இடத்தில் கூட்டுக்குள் தூங்கும் புறாவின் மெல்லிய குறுகுறுப்பு! நோயாளிகள் திரும்பிப் படுக்கவில்லை. நர்ஸ் ஒருத்தியும் ஜன்னலுக்கு வரவில்லை. ஆனால் வைப்பர், ஆகா, அந்த வைப்பர், அரங்கேறிய நடனமங்கைபோல் இடம் வலம் இடம் வலமென ஆடிக் களித்தது. காவலாளி விறைத்து நின்று சலாம் வைத்தார். தலைவர் ஒற்றை விரலால் சலாம் ஏற்றார், அந்த விரலில் கட்டு இருந்தது. தேர் தன் வீட்டு வாசலை அடையும்வரை யாரும் இறங்கித் தள்ளவில்லை.

திங்கட்கிழமை, சொன்னபடியே பத்து மணிக்கு மெக்கானிக்கும் சங்கிலியோடு ஒருவரும் வாசலில் நின்றார்கள். தலைவர் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார்.

"எதை இழுத்துட்டுப் போக வந்திருக்கீங்க?" என்றது அம்மையார் குரல்.

"நீங்கதானேக்கா சொன்னீங்க. ஒண்ணு மக்கர் பண்ணாலும்னு..."

"எது மக்கர் பண்ணுச்சு? எல்லாமே வேலை செஞ்சுது. கொஞ்சம் கூடவே செஞ்சுது. உள்ள வந்து காபி குடிச்சிட்டுப் போங்க ரெண்டு பேரும்."

வாழ்க அவ்வாக்கு! பன்னிரண்டும் ஆறும் பகைத்துப் பொருத பெருங்களத்தில், சுருள்கம்பியாலும் ஆகாததை ஒரு பொய்யாலும் ஓர் உருளைப் பஞ்சாலும் முடித்துவைத்த பேரரசி வாழ்க! விளக்கென்னும் இரட்டையரும், விசிறியென்னும் அடங்கிய சூறாவளியும், பந்தியில் சேர்ந்தே அமரும் வைப்பரும் ஹாரனும் வாழ்க! மழை உள்ளளவும், மருந்துக்கடை உள்ளளவும், நீலப் பலகை துடைக்கப்படும் காலம் உள்ளளவும், வெண்ணெய் நிறத்தாளின் கீர்த்தி திசையெட்டும் முழங்குவதாக!

அதுதான் முழங்கவில்லை, பஞ்சை எடுக்க மறந்துவிட்டார்கள்.